பழைய பைக்கில் பெயர் தெரியாத ஒயர்: எதை வைத்துத் தேடுவது?

செட்டிநாட்டுப் பக்கம் பழைய பைக்குகளுக்குக் குறைவே இல்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் சரி, அப்பச்சி ஓட்டிய புல்லட்டோ, அண்ணன் கல்லூரிக்குப் போய்வந்த யெஸ்டியோ, யமஹா ஆர்எக்ஸ் 100-ஓ முகப்பு ஓரமாகத் துணி போர்த்தி நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சிவராத்திரிக்கோ ஒரு கல்யாணத்துக்கோ வந்தால் நாலைந்து நாள் வண்டி ஓட வேண்டும். பேட்டரி மாட்டலாம் என்று சீட்டைத் தூக்கினால், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒன்றும் புரியாத ஒயர் ஒன்று முனை வெட்டுப்பட்டுத் தொங்கும்.

அதை என்ன ஒயர் என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். நிறத்தைப் பார், டேப்பைப் பிரித்துப் பின்தொடர்ந்து போ, டெஸ்ட் லாம்ப் (ஒயர் கட்டிய சோதனை பல்பு) வைத்துப் பார், மல்டிமீட்டர் வை, கரண்ட் கொடுத்துப் பார், ஒயரிங் கிட்டையே மாற்றிவிடு. எல்லாமே ஏதோ ஒரு இடத்தில் பலிக்கும் வழிகள்தான். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பதில்தான் அரைமணி நேர வேலை இரண்டு நாள் வேலையாவதும், ஸ்பார்க்கை இயக்கும் நல்ல சிடிஐ யூனிட் வீணாவதும் இருக்கிறது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் 21 வாட் பல்பு ஒன்றும் போதும். ஆனால் ஒயர் எங்கே போகிறது என்று தேடுவதற்கு முன்னால், அதில் எப்போது கரண்ட் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். சாவி போடாதபோது, சாவி போட்டபோது, இன்ஜின் ஓடும்போது என்று மூன்று நிலைகள். அந்த மூன்று பதில்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சில சமயம் மீதிப் பாதி தேவையே இருக்காது.

நிறத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் தொடங்குவது அங்கேதான். ஒயரிங் படம் கையில் இருந்தால் நிறம் நல்ல துப்பு. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். யமஹாவில் கறுப்பு எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் ஒயர்), பழுப்பு சாவி போட்டால் கரண்ட் வரும் லைன். ஹீரோ ஹோண்டா சிடி 100 போன்ற ஹோண்டா வழி வண்டிகளில் பச்சை எர்த். கறுப்புதான் சாவிக்குப் பிறகு வரும் லைன். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் சுசுகியில் எர்த். அதே ஒயர் யமஹாவில் இன்ஜினை நிறுத்தும் லைன், எர்த்தில் பட்டால் ஸ்பார்க் நின்றுவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் லூகாஸ் முறைப்படி பேட்டரியின் பாசிட்டிவ் பக்கமே பாடியோடு சேர்ந்திருக்கும், சிவப்பு ஒயர்தான் எர்த். சிவப்பைப் பார்த்ததும் பாசிட்டிவ் என்று முடிவுகட்டினால் அந்த வண்டியில் கதை கந்தல்.

இதெல்லாம் கம்பெனியில் போட்ட ஒயருக்கு. ஆர்எக்ஸ் 100 வந்தது 1985 முதல் 1996 வரை. யெஸ்டியும் 1996-உடன் மைசூரில் நின்றுபோனது. அப்படியென்றால் கடைசியாக வந்த வண்டிக்கே கிட்டத்தட்ட முப்பது வயது. இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும்! கடையில் அன்றைக்கு என்ன நிறம் இருந்ததோ அதுதான் போடப்பட்டிருக்கும். அதனால் நிறத்தை வைத்து ஊகம் செய்யலாம், முடிவு செய்யக் கூடாது.

நிறத்தைவிட எனக்கு நம்பிக்கையான துப்பு ஒயரின் தன்மை. கம்பெனி ஒயர் மெல்லிய செப்பு இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கியது, வளைத்தால் சொன்னபடி வளையும். பின்னாளில் சேர்த்ததில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று இடறும்: இன்சுலேஷன் தடிமனாக இருக்கும், அல்லது கட்டுக்கு வெளியே தனியாக டேப் சுற்றி ஓடும், அல்லது வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயராக இருக்கும். ஒற்றைக் கம்பியை வண்டியில் போடவே கூடாது. அதிர்வில் உள்ளுக்குள் முறிந்துவிடும், வெளியே உறை முழுசாகத் தெரியும். இப்படி ஒன்றைப் பார்த்தால், இது யாரோ ஹாரனுக்கோ கூடுதல் லைட்டுக்கோ இழுத்தது என்று தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம்.

சரி, கண்ணால் பின்தொடர்வது? டேங்கைக் கழற்றி, டூம் (ஹெட்லைட்) கண்ணாடியைக் கழற்றி, ஒயர் போகும் வழியைப் பார்ப்பது நல்லது. அதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. டேப்பைப் பிரிப்பதுதான் யோசிக்க வேண்டியது. நம் ஊர் வெயிலில் பல வருடம் நின்ற ஒயரின் உறை காய்ந்து விறைத்திருக்கும். கட்டுக்குள் அசையாமல் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. பிரித்து, விரித்து, வளைத்தால் வெடிக்கும். ஒரு ஒயரைத் தேடப்போய் நாலு ஒயரில் செம்பு வெளியே தெரியும். ஆகவே டேப்பைப் பிரிப்பது என் கணக்கில் கடைசி வேலை, அதுவும் எந்த அரை அடியைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு. எலியோ அணிலோ கடித்த தடம் இருந்தால் மட்டும் அந்த இடத்தை உடனே திறந்து பார்த்துவிடலாம்.

இனி டெஸ்ட் லாம்பா, மல்டிமீட்டரா என்ற கேள்வி. இதில் இரண்டு கட்சி உண்டு. பழைய கை எலக்ட்ரீஷியன்கள் பல்பைத்தான் நம்புவார்கள், புதியவர்கள் மீட்டரைத்தான் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

மீட்டர் கரண்டை இழுக்காது. அதனால் ஆபத்தில்லாமல் எந்த ஒயரையும் தொடலாம், எத்தனை வோல்ட் என்று எண்ணாகவே காட்டும். அதே குணம்தான் அதன் குறையும். துருப்பிடித்த இணைப்பு வழியாக, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர் வழியாகக்கூட 12.4 வோல்ட் என்று காட்டிவிடும். அந்த ஒயரில் ஒரு ஹாரனைக்கூட அடிக்க முடியாது. அங்கே பல்பை வைத்தால் எரியாது, விஷயம் வெளியே வந்துவிடும். 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையைத் தாங்குகிற ஒயர்தான் வேலை செய்கிற ஒயர். எல்இடி வைத்த டெஸ்ட் லாம்பில் இந்த நன்மை கிடையாது, அதுவும் மீட்டர் மாதிரி ஒன்றும் இழுக்காது. பழைய 6 வோல்ட் யெஸ்டி என்றால் 6 வோல்ட் பல்பையே வையுங்கள். 12 வோல்ட் பல்பு அங்கே மங்கலாக எரிந்து, இணைப்பில் கோளாறு என்று நினைக்க வைக்கும்.

பல்பைக் கொண்டுபோகக் கூடாத இடம் ஒன்று உண்டு: சிடிஐ பக்கம். இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட்டில் இருந்து சிடிஐக்குப் போகும் லைனில் இன்ஜின் ஓடும்போது நூறு வோல்ட்டுக்கு மேலேயே வரும். கை பட்டால் நன்றாக உதைக்கும். மீட்டர் வைப்பதென்றாலும் பெரிய ரேஞ்சில் வைத்துத்தான் தொட வேண்டும்.

மூன்று நிலைச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, பள்ளத்தூரில் பார்த்த ஒரு ஆர்எக்ஸ் 100-ஐச் சொல்கிறேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் ஒயர் ஒன்று, முனையில் டேப் உரிந்து செம்பு தெரிகிறது. வண்டியில் புகார் வேறு: பின்னால் ஆள் உட்கார்ந்தால் டூம் லைட் அணைகிறது, இறங்கினால் எரிகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று வீட்டுக்காரர் நினைக்கவில்லை, ஏனென்றால் அவர் ஏற்கெனவே அந்த ஒயரில் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தார்.

"சாவி போட்டும் பார்த்துட்டேன் அண்ணே, ஒன்னுமே வரல. செத்த ஒயர்தான்" என்றார்.

"இன்ஜின ஓடவிட்டுப் பார்த்தீங்களா?"

"அதுலயும் பார்த்தேன். சைபர்தான்."

அவர் மீட்டர் டிசியில், அதாவது பேட்டரி கரண்டை அளக்கும் ரேஞ்சில் இருந்தது. இன்ஜின் ஓடும்போது அதே இடத்தில் ஏசிக்குத் திருப்பியதும் 8 வோல்ட் காட்டியது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக ஏறியது. அந்த வண்டியில் டூம் லைட்டுக்குப் போகும் கரண்ட் பேட்டரியில் இருந்து வருவதில்லை, மேக்னட்டில் உள்ள லைட்டிங் காயிலில் இருந்து நேராக ஏசியாக வருகிறது. ஏசியை டிசி ரேஞ்சில் அளந்தால் சைபருக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பழைய சிறு பைக்குகள் பலவற்றில் இப்படித்தான். அந்த மஞ்சள் ஒயர் லைட்டிங் லைனில் இருந்து யாரோ பிரித்தெடுத்தது. ஆள் உட்கார்ந்து சீட் அமுங்கும்போது செம்பு முனை ஃபிரேமில் பட்டு, லைட்டுக்குப் போக வேண்டிய கரண்ட் முழுக்க எர்த்துக்குப் போயிருக்கிறது. பேட்டரி பக்கமே வராததால் பியூசும் போகவில்லை.

இந்த ஒரு இடத்தில் பல்பு ஜெயித்திருக்கும். ஏசியா டிசியா என்று அது பார்ப்பதில்லை, வந்தால் எரியும். ஆனால் இன்ஜினை ஓடவிட்டு வைத்தால்தான். மீட்டர்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: விலை குறைந்த மீட்டர்கள் சில, பேட்டரி ஒயரை ஏசி ரேஞ்சில் தொட்டால் இருபத்தைந்து வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும். அது ஏசி இல்லை, மீட்டரின் குறை. முதலில் டிசியில் பாருங்கள், அங்கே ஒன்றும் இல்லை என்றால் ஏசிக்குப் போங்கள்.

அந்த மஞ்சள் ஒயர் எங்கே சேர்கிறது என்று கண்டுபிடிக்கவும் டேப்பை முழுக்கப் பிரிக்கவில்லை. இன்ஜினை நிறுத்தி, டேங்குக்கு அடியில் மேக்னட் ஒயர் வரும் கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்கை) கழற்றினோம். மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் ரேஞ்சில்) வைத்து, ஒரு முனையை மஞ்சள் ஒயரில் கொடுத்து, மறு முனையால் கப்ளரின் இரண்டு பக்கத்தையும் தொட்டதில், வண்டிப் பக்கப் பின் ஒன்றில் பீப் வந்தது. அந்தக் கப்ளரில் இருந்து நாலு விரல் தள்ளி டேப் கொஞ்சம் புடைத்திருந்தது. அங்கே மட்டும் பிரித்தால், உறையைச் சீவி, மஞ்சளை முறுக்கி, சோல்டர்கூட வைக்காமல் டேப் சுற்றியிருக்கிறார்கள். முன் கார்டில் விளக்கு போட்டிருந்த அடையாளமாக ஒரு ஓட்டை இருந்தது. விளக்கு போய்விட்டது, ஒயர் தங்கிவிட்டது.

கன்டினியூட்டி பீப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பீப் வந்தால் நேரடி இணைப்பு என்று அர்த்தமில்லை. இடையில் சில ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் கத்தும். 21 வாட் பல்பின் இழை எரியும்போது ஏழு ஓம் பக்கம் இருக்கும். அணைந்து குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓம்கூட இருக்காது. அதனால் பிரேக் லைட் ஒயரையும் எர்த்தையும் தொட்டால் பல்பு வழியாகவே பீப் வரும். ஷார்ட் என்று நினைத்து ஒயரிங்கை அறுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. லைட்டிங் காயிலும் அப்படித்தான், ஒரு முனை எர்த்தில் இருப்பதால் நல்ல நிலையிலேயே பீப் வரும். ஆகவே கன்டினியூட்டி பார்க்கும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள், எல்லா பல்புகளையும் எடுத்துவிடுங்கள், மேக்னட் கப்ளரையும் சிடிஐ கப்ளரையும் பிரித்து வையுங்கள். அப்புறம் வரும் பீப்பை நம்பலாம். எண்ணைப் பார்த்து 0.3 ஓமா 5 ஓமா என்று கவனித்தால் இன்னும் நல்லது.

ஒயரின் உறையில் ஊசி குத்திப் பார்ப்பதை நான் விரும்புவதில்லை. ஐப்பசி மழையில் அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். கப்ளரின் பின்பக்கத்தில் மெல்லிய கம்பியை நுழைத்துத் தொட்டால் அதே பதில் கிடைக்கும்.

அடுத்தது, பேட்டரி பாசிட்டிவில் இருந்து நேராகக் கரண்ட் கொடுத்து எது எரிகிறது என்று பார்ப்பது. வேகமான வழி என்பதால் இதைச் செய்பவர்கள் நிறைய. தெரியாத ஒயர் எர்த்தாக இருந்தால் நொடியில் உறை உருகும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில். சிடிஐக்குப் போகும் ஒயராக இருந்தால் யூனிட் போச்சு. இப்படிச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் நடுவில் ஒரு 21 வாட் பல்பைச் சேர்த்துக்கொண்டால் இதே வழி மிக நல்ல வழியாகிவிடும். என்ன ஆனாலும் ஒன்றேமுக்கால் ஆம்பியருக்கு மேல் போகாது. சிடிஐ, ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்குவது) கப்ளர்களை மட்டும் முதலில் கழற்றிவிட வேண்டும்.

பல்பு எரிகிற விதமே பதில் சொல்லும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஒயர் நேராக எர்த்துக்குப் போகிறது. எரியவே இல்லை, ஆனால் ஸ்பீடோமீட்டர் விளக்கு எரிகிறது என்றால், அந்தச் சின்ன விளக்கின் லைன் அது. மூன்று வாட் விளக்கு இழுக்கும் கரண்டுக்கு 21 வாட் பல்பு சூடேறாது. சோதனை பல்பும் டூம் லைட்டும் இரண்டுமே மங்கலாக எரிந்தால் டூம் லைன். எதுவுமே நடக்கவில்லை என்றால் அந்த ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஆஃப் ஆன சுவிட்சில் போய் நிற்கிறது. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மூன்று நிலையிலும் கரண்ட் வராத ஒயருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. ஏற்கெனவே கரண்ட் வரும் ஒயரில் வெளியே இருந்து இன்னொரு கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை.

டோனர் வைத்துத் தேடலாமே என்று நெட்வொர்க் கேபிள் வேலை செய்யும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு முனையில் ஒலி அனுப்பி, மறு பக்கம் கருவியை நீட்டிக் கேட்பது. பைக்கில் அவ்வளவு பயன் இல்லை. நெருக்கமாகக் கட்டிய ஒயர்களில் பக்கத்து ஒயரிலும் ஒலி ஏறிவிடும், மறுமுனை காயில் வழியாக எர்த்தில் இருந்தால் ஒலியே அமுங்கிவிடும். கையில் இருந்தால் எடுங்கள், இதற்கென்று வாங்க வேண்டாம். புல்லட்காரர்களுக்கு டூமுக்கு மேலேயே ஒரு கருவி இருக்கிறது: அம்மீட்டர். ஏதாவது ஒரு ஒயரைப் பிரிக்கும்போதோ சுவிட்ச் போடும்போதோ முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். சின்னக் கசிவை அது காட்டாது, பெரியதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எலக்ட்ரீஷியனிடம் விடுவதா, நாமே பார்ப்பதா? ஊரில் இருக்கப்போவது நாலு நாள் என்றால் காரைக்குடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதில் தவறே இல்லை. பழைய வண்டி தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் "ஒரு ஒயர் தொங்குது, பாருங்கண்ணே" என்று சொல்வதற்கும், "சாவி போடாமலே கரண்ட் வருது, பியூசைப் பிடுங்கினாலும் வருது" என்று சொல்வதற்கும் கூலியிலேயே வித்தியாசம் தெரியும். மூன்று நிலைச் சோதனையை வீட்டில் செய்து, தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

அந்த இரண்டாவது வாக்கியம் உங்கள் வண்டிக்குப் பொருந்தினால், விசேஷத்துக்கு முன் எப்படியும் சரிசெய்தே ஆக வேண்டும். சாவி இல்லாமல், பியூசும் இல்லாமல் எப்போதும் கரண்ட் நிற்கும் ஒயர் தீப்பிடிக்கும் ஒயர். சாவி போட்டால் மட்டும் வருவது என்றால் பியூஸ் காப்பாற்றும், முனையை மூடிவைத்து நிதானமாகத் தேடலாம். மூன்று நிலையிலும் ஒன்றும் வரவில்லை, பல்பு சோதனையிலும் ஒன்றும் இல்லை, வண்டியில் ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், அந்த ஒயரைத் தேடவே வேண்டாம். முனையில் ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கி, ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.

ஒயரிங் கிட்டையே மாற்றுவது கடைசி வழி, சில வண்டிகளுக்கு அதுதான் சரியான வழியும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை வெடித்தால், டூமுக்குள்ளும் வெடித்தால், ஒரு ஒயரைக் கண்டுபிடிப்பதில் அர்த்தமில்லை, அடுத்த மாதம் இன்னொன்று வரும். முறுக்கிய இணைப்புகள் நாலு இடத்துக்கு மேல் தெரிந்தாலும் நான் கிட்டைத்தான் சொல்வேன். உறை மென்மையாக இருந்து ஒரே ஒரு ஒயர்தான் புதிர் என்றால் கிட் மாற்றுவது வீண்செலவு; பழைய கம்பெனி ஒயரிங்கின் செம்பு, இப்போது கடையில் கிடைக்கும் பல கிட்டுகளைவிடத் தடிமனாகவே இருக்கும். வாங்கும்போது வண்டி வருடம், 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, ஸ்பார்க் பாயின்ட்டில் வருகிறதா சிடிஐயிலா என்று மூன்றையும் சொல்லி வாங்குங்கள். புல்லட்டில் பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை மாறும். பழைய கிட்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு கப்ளரையும் போட்டோ எடுங்கள், கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதில் நிறம் மாறியிருந்தால் எதோடு எது சேர்ந்தது என்று பார்க்க அதுதான் உதவும்.

பள்ளத்தூர் வண்டியில் கிட் மாற்றவில்லை. மஞ்சள் ஒயரை இணைப்பில் இருந்தே வெட்டி எடுத்து, சீவிய இடத்தில் ஸ்லீவ் ஏற்றி, டேப் சுற்றினோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி, அதில் துணி சுற்றி வைக்கச் சொன்னேன். அடுத்து வரும்வரை எலி கடித்தாலும் பேட்டரி லைன் எதிலும் கரண்ட் இருக்காது.